கேட்டு வாங்கத் தெரியாத பிள்ளைகள்

என் வசந்தாக்காவுக்கு,

நீ இருக்கிற இடத்தில் சுகமா என்று எப்படி விசாரிப்பது, எனக்குத் தெரியவில்லை. அதனால் எப்போதும் போல நானே பேசுகிறேன், நீ 'ம்' போட்டுக்கொண்டிரு. நீ இருந்தபோதும் நம் போன் பேச்சு அப்படித்தானே நடந்தது?

இங்கே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சம்பா நடவு முடிந்து வயலில் தண்ணீர் நிற்கிறது. நீ போய் ஏழு மாதம் ஆகிவிட்டது. வருஷம் திரும்பாததால் பிள்ளைகளை நினைத்து இந்தத் தீபாவளிக்கு நான் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து முறுக்கும் அதிரசமும் வந்தன. உன் பிள்ளைகள் அவ்வளவையும் ஒரே நாளில் தீர்த்துவிட்டார்கள். இதை எழுதும்போது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நாலு பேர் படிக்கும்படி எழுதுவதற்கும் காரணம் உண்டு. உன் பிள்ளைகளைப் பற்றி ஊர் முழுக்க ஒரு பொய்யைச் சொல்லி வைத்திருக்கிறேன். பொய் என்று தெரியாமல் சொன்னதுதான். ஆனாலும் எல்லார் காதிலும் பெருமையாகப் போட்டுவிட்டு, உன் காதில் மட்டும் ரகசியமாகத் திருத்திக்கொண்டால் அது நியாயமாகுமா?

ஆஸ்பத்திரியில் நீ கடைசியாகத் தெளிவாகப் பேசிய அன்று என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "ரெண்டையும் பிரிச்சிடாதீங்கடி" என்றாய். நான் தலையாட்டினேன். குவைத்திலிருந்து ஓடிவந்த அத்தான், காரியம் முடிந்து திரும்பிப் போகும்போது வேறு யோசனையோடு நின்றார். கதிரைத் திருச்சியில் ஒரு ஹாஸ்டலிலும் வெண்ணிலாவைத் தஞ்சாவூரில் ஒரு ஹாஸ்டலிலும் சேர்த்துவிடலாம் என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. உன் மாமனார் மாமியார் இருவரும் இல்லை. நாங்களோ ஆறு மா, மொத்தமாக இரண்டு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறவர்கள். பயிர் வேலை இல்லாத நாளில் என் வீட்டுக்காரர் யாருடைய லோடு வண்டியையாவது ஓட்டுகிறார். நான் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர். வீட்டில் ஏற்கெனவே என் பையன் அரவிந்த் பத்தாம் வகுப்பு வயிற்றோடு உட்கார்ந்திருக்கிறான். "உனக்கு எதுக்கும்மா சிரமம்?" என்று அத்தான் கேட்டதில் தப்பில்லை.

"காலாண்டு லீவு வரைக்கும் பாருங்கத்தான். சிரமம்னா நானே சொல்லிடுறேன்" என்றேன். ஜூன் மாதம் இரண்டு பெட்டியும் ஒரு சைக்கிளுமாகப் பிள்ளைகள் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். கதிர் பதினொன்றாம் வகுப்பு, வெண்ணிலா ஒன்பது. உன் நைட்டி ஒன்றை வெண்ணிலா துணிகளுக்கு நடுவில் மடித்துக் கொண்டுவந்திருந்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

என் கவலையெல்லாம் சோற்றில்தான் இருந்தது. தை அறுப்பில் கொள்முதல் நிலையத்துக்குப் போட்டது போக, வீட்டுச் சாப்பாட்டுக்கு என்று நாங்கள் நிறுத்திவைத்த நெல் மூன்று பேருக்கானது. அதை வைத்துக்கொண்டு ஐந்து பேர் புரட்டாசியில் குறுவை அறுக்கும் வரை ஓட்ட வேண்டும். அத்தான் அனுப்பும் பணத்தைப் பீஸுக்கும் புத்தகத்துக்கும் என்று தொடாமல் வைத்தேன். அக்கா பிள்ளைகளுக்குச் சோறு போடக் காசு வாங்குவேனா? இந்த ரோஷத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை எனக்கு.

ரேஷன் அரிசி இட்லி தோசைக்கு, வயல் அரிசி சோற்றுக்கு என்று பிரித்தேன். சாம்பாரில் பருப்பைக் குறைத்துப் பூசணியைக் கூட்டினேன். மூன்று முட்டையில் வெங்காயத்தை அள்ளிப் போட்டு ஐந்து பேருக்கு ஆம்லெட் வார்த்தேன். துவையல் அரைப்பதையே நிறுத்திவிட்டேன். ஏன் தெரியுமா? துவையல் இருந்தால் சோறு கூடுதலாக இறங்கும். கருவாடும் அப்படித்தான். பூம்புகாரிலிருந்து கூடை கொண்டுவரும் அம்மாவிடம், "அடுத்த வாரம் வாங்க" என்று வாரா வாரம் சொன்னேன். இதையெல்லாம் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன், அக்கா.

ஆடி முடிந்ததும் மூட்டைகளைத் தொட்டுப் பார்த்தேன். நான் பயந்த அளவுக்கு நெல் இறங்கவே இல்லை. எனக்கு எவ்வளவு பெருமை. வீட்டுக்காரரிடம் சொன்னேன், கூட வேலை செய்கிறவர்களிடம் சொன்னேன், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம்கூடச் சொன்னேன். "எங்கக்கா பிள்ளைங்க சோறே திங்காதுங்க. ஒரு தடவை போட்டா போதும், எந்திரிச்சிடும். அப்படி வளத்திருக்கா." அத்தானிடமும் இதைத்தான் சொன்னேன். "அதுங்க சாப்பிடுறதே தெரியலத்தான். எனக்கு என்ன சிரமம்?" வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் போன் பண்ணும்போதெல்லாம், அவர்களை வைத்துக்கொள்ள எனக்கு இருந்த ஒரே வாதம் அது.

எங்கள் வீட்டுச் சாப்பாடு எப்படி என்று உனக்குத் தெரியும். நம் அம்மா வீட்டு வழக்கம்தான். பானையும் குழம்புச் சட்டியும் நடுவில் இருக்கும். சுற்றி உட்கார்ந்து அவரவர் போட்டுக்கொள்ள வேண்டியது. அரவிந்த் கரண்டியைப் பிடித்தால் யாரும் அந்தப் பக்கம் கையை நீட்ட முடியாது. உன் பிள்ளைகளுக்கு மட்டும் முதல் தடவை நான் போடுவேன். "அப்புறம் வேணுங்கிறதைப் போட்டுக்குங்க. இல்ல கேளுங்க. கூச்சப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு என் தட்டுக்குத் திரும்பிவிடுவேன். கதிர் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து தட்டைக் கழுவி வைப்பான். என்ன பதவிசு என்று நான் பூரித்துப்போவேன்.

என் வேலையும் என் கண்ணைக் கெடுத்துவிட்டது. பத்து வருஷமாக நூற்றுச் சொச்சம் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறேன். அங்கே பசித்த பிள்ளை தட்டை நீட்டும். "ஆயாம்மா, இன்னும் கொஞ்சம்" என்று கத்தும். கொடுக்கிற வரை நகராது. சத்தம் போடாத பிள்ளைக்கு வயிறு நிறைந்துவிட்டது என்று என் கை தானாக அடுத்த தட்டுக்குப் போய்விடும். வீட்டிலும் அதே கைதானே?

ஆவணி முதல் வாரத்தில் வீட்டுக்காரரின் பெரியப்பா இறந்துபோனார். பேரன் பேத்தி எடுத்த நல்ல சாவு. பதினாறாம் நாள் கருமாதிச் சாப்பாட்டைக் கும்பகோணத்தில் மண்டபம் பிடித்துப் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பிள்ளைகளையும் அழைத்துப் போனோம். நான் ஒரு வரிசையில் உட்கார்ந்தேன், எதிர் வரிசையில் கதிரும் வெண்ணிலாவும்.

இலையில் சோறு விழுந்தது. சாம்பாருக்குச் சாப்பிட்டார்கள். பரிமாறுகிறவர் மறுபடி வந்து போட்டார், வாங்கிக்கொண்டார்கள். வத்தக்குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு இரண்டு தடவை, மோருக்கு ஒரு தடவை. ஒவ்வொரு முறையும் கரண்டி வந்தபோது எல்லாரும் இலைக்கு மேல் கையைக் காட்டித் தடுத்தார்கள். உன் பிள்ளைகள் இரண்டு பேரின் கை மட்டும் அசையவே இல்லை. குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். பரிமாறுகிறவருக்கு ஒரே சந்தோஷம். "தம்பிக்கு இன்னும் ரெண்டு கரண்டி போடுப்பா" என்று பின்னால் வந்த ஆளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

என் பக்கத்தில் இருந்த வீட்டுக்காரரின் அத்தை என் காதருகே குனிந்தார். "உங்கக்கா பிள்ளைங்க சோறே திங்காதுன்னியே செல்வி?" என்றார். குத்தலாகத்தான் சொன்னார். நான் பாயசத்தை ஒதுக்கி வைத்தேன். அந்த நிமிஷம் எனக்கு வந்தது வெட்கமும் கோபமும்தான், அக்கா. பிள்ளைகளுக்கு இவ்வளவு பசி எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

பாபநாசம் பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன். "ஏம்பா, வீட்டுல சோறே போடாத மாதிரியா சாப்பிடுறது? நாலு பேர் பாக்குறாங்கல்ல?"

கதிர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் காது சிவந்துபோனது. வெண்ணிலாதான் மெதுவாகச் சொன்னாள். "அங்க போட்டாங்க சித்தி."

"வீட்டுல நான் போடலையா?"

"ஒரு தடவை போடுவீங்க. அப்புறம் கேளுங்கன்னு சொல்லிடுவீங்க. எங்களுக்குக் கேக்க வராது சித்தி. கேக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க. அவங்களே பாத்துப் போட்டுடுவாங்க."

"பானை நடுவுலதானே இருக்கு? அரவிந்த் எடுத்துப் போட்டுக்கலையா?"

அவள் அண்ணனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, "அது உங்க பானை சித்தி" என்றாள்.

பள்ளிக்கூடத்தில் தருகிற முட்டையை அவள் சாப்பிடாமல் நோட்டுத்தாளில் சுற்றி அண்ணனுக்குக் கொண்டுவந்து கொடுத்த கதையும் அந்தப் பஸ்ஸில்தான் வெளியே வந்தது. பதினொன்றாம் வகுப்புக்குச் சத்துணவு கிடையாது. அந்த முட்டையை உரிக்கிற வேலைதான் இன்னொரு பள்ளிக்கூடத்தில் நான் தினமும் செய்கிறேன். மூன்று மாதம், அக்கா. மூன்று மாதம் உன் பிள்ளைகள் என் வீட்டில் அரைவயிற்றோடு இருந்தார்கள். நெல் மூட்டை இறங்காததற்குக் காரணம் என் சாமர்த்தியம் இல்லை, அவர்களுடைய பசி.

உன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. கல்யாணமான முதல் வருஷம் நீ இளைத்துப்போய் வந்து நின்றது எனக்கு ஞாபகம் வந்தது. "அங்க கேட்டு வாங்கிச் சாப்பிட்டா கேவலமா நினைக்கிறாங்கடி. வரிசையா உக்காரணும். போட்டா சாப்பிடணும், போடலைன்னா எந்திரிச்சிடணும்" என்று என்னிடம்தானே சொல்லி அழுதாய்? அந்தக் கூட்டுக்குடும்பம் பிரிந்து, நீயும் இரண்டு பிள்ளைகளும் மட்டும் தனியாக இருந்தபோது ஏன் அதையே அவர்களுக்கும் பழக்கினாய்? நீ தட்டைப் பார்த்தே போட்டுவிடுவாய், சரி. நீ இல்லாத வீட்டில் என்ன செய்வார்கள் என்று யோசித்தாயா?

கோபப்பட்டு என்ன பயன்? நீ சொன்னதைக் கேட்டிருந்தும் மறந்துபோனவள் நான். உன் பிள்ளைகள் அந்த வீட்டுப் பிள்ளைகள் என்பது எனக்கு உறைக்கவில்லை. என் பிள்ளை மாதிரி என்று வாய் நிறையச் சொன்னேன். அதனாலேயே என் பிள்ளை மாதிரி எடுத்துப் போட்டுக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடம் கிளம்புமுன் முதல் வேலையாகத் துவையல் அரைத்தேன். பானையைத் தூக்கி என் பக்கம் வைத்துக்கொண்டு, மூன்று பிள்ளைகளையும் உட்காரவைத்து நானே போட்டேன். கதிர் நாலாவது தடவைதான் "போதும் சித்தி" என்றான். கரண்டி பானையின் அடியில் தட்டியது. எனக்கு நிறைவாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. இந்தக் கணக்கில் போனால் அறுப்பு வரைக்கும் நெல் தாங்காது. அதற்குள் அரவிந்த் முறைக்கிறான். "அவங்களுக்கு மட்டும் நீ போடுற. நான் மட்டும் நானே போட்டுக்கணுமா?" பதினைந்து வருஷமாகக் கரண்டியைப் பிடுங்கித் தின்றவன் பேசுகிற பேச்சு. அன்றிலிருந்து அவன் தட்டுக்கும் நான்தான்.

நெல் தாங்கவும் இல்லை. புரட்டாசி பிறந்து பத்து நாளில் மூட்டை தரைதட்டியது. அறுப்புக்கு இன்னும் இரண்டு வாரம். ரேஷன் அரிசியையே வடித்தேன். ரேஷன் கோதுமையை அரைத்து வந்து சப்பாத்தி சுட்டேன். வாய்க்காலில் வீட்டுக்காரர் பிடித்து வந்த கெண்டையைக் குழம்பு வைத்தேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நாலரை மணிக்கு அவர்களுக்கு முன்னால் தோசைக்கல் காய்ந்திருக்க வேண்டும். அந்த வயதுப் பிள்ளைகளின் வயிற்றுக்கு நாலரை மணிதான் உச்சிவேளை என்று இப்போது கற்றுக்கொண்டேன்.

குறுவை அறுத்ததும், விற்கிற நெல்லில் கூடுதலாக நாலு மூட்டை வீட்டுக்கு நிறுத்துங்கள் என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். அந்தக் காசில்தான் போர் மோட்டாரைப் பழுதுபார்ப்பதாக இருந்தார். அவர் மூட்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆத்துல தண்ணி வருது. மோட்டாரைத் தைக்குப் பாத்துக்கலாம். பசங்க தின்னட்டும்" என்று சொல்லிவிட்டு அவரே நாலு மூட்டையையும் உள்ளே தூக்கி வைத்தார். அந்த மனுஷன் ஒரு நாளைக்குப் பேசுகிற பேச்சே அவ்வளவுதான்.

மிச்சம் இருந்தது அத்தான். காலாண்டு லீவு விட்டதும் போன் பண்ணினார். ஹாஸ்டலில் இடம் விசாரித்துவிட்டதாகவும், இரண்டு இடத்திலும் பணம் கட்டினால் சேர்த்துக்கொள்வார்கள் என்றும் சொன்னார். நடந்ததைச் சொன்னால் பிள்ளைகள் நாளைக்கே கிளம்பிவிடுவார்கள், உனக்குக் கொடுத்த வாக்கு போய்விடும். பழைய பாட்டையே பாடினால் அவர்கள் இருப்பார்கள், பொய்யும் கூடவே இருக்கும். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

சொல்லிவிட்டேன். "அத்தான், அதுங்க கம்மியாச் சாப்பிடுதுன்னு நான் சொன்னதெல்லாம் தப்பு. கேக்கத் தெரியாம பசியோட இருந்திருக்குங்க. மூணு மாசமா நான் கவனிக்கல" என்றேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். பிறகு அவர், "கதிர்கிட்ட குடும்மா" என்றார்.

கதிர் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கை எச்சில் என்பதால் ஸ்பீக்கரில் போட்டு அவன் முன்னால் வைத்தேன். "அங்க சாப்பாடு எப்படிடா இருக்கு? மறைக்காமச் சொல்லு" என்றார் அத்தான். வெண்ணிலா தன் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கதிர் வாயில் இருந்ததை விழுங்கினான். "இப்ப வயிறு நெறையுதுப்பா. ஆனா சித்தி குழம்புல உப்பே இருக்காது. ஸ்கூல்ல சின்னப் பிள்ளைங்களுக்குச் சமைச்சே கை அப்படி ஆயிடுச்சு போல. புதன்கிழமையானா உப்புமா வேற" என்றான். அரவிந்துக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

"ஹாஸ்டல்ல உப்பு சரியா இருக்கும். வர்றியா?" என்றார் அத்தான்.

"வேணாம்பா. நாங்க இங்கயே இருக்கோம். நீங்க உப்பைப் பத்தி மட்டும் சித்திகிட்ட சொல்லுங்க."

எனக்கு முதலில் சுருக்கென்று வந்தது. பத்து வருஷம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆக்கிப்போட்ட கை இது. அப்புறம்தான் புரிந்தது. வந்த நாளிலிருந்து இந்தப் பிள்ளை என் சமையலை ஒரு குறை சொன்னதில்லை, விருந்துக்கு வந்தவன் சொல்வானா? கண் நிறைந்துவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "உப்பு அடுப்பு மேடையில இருக்கு. வேணும்னா போய் எடுத்துக்க" என்று அதட்டினேன். அவன் எழுந்து என் அடுக்களைக்குள் போனான். ஜாடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. அத்தான் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரிம்மா, இருக்கட்டும்" என்றார்.

அந்த மூன்று மாதத்துப் பசியை நான் எப்படித் திருப்பிக் கொடுப்பேன், அக்கா? அது தெரியவில்லை. அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், எல்லார் முன்னாலும்.

இரண்டு பேரும் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள். நாளைக்குக் கதிர் படித்து எங்கேயாவது வேலைக்குப் போவான், வெண்ணிலாவும் கல்யாணமாகிப் போவாள். எங்கே போனாலும், எப்போது வந்தாலும், அடுக்களைவரைக்கும் நேரே வந்து சட்டியைத் திறந்து பார்த்து முகம் சுளிக்க அவர்களுக்கு ஒரு வீடு இருக்கும். அதற்கு நான் பொறுப்பு.

உன் பிள்ளைகளிடம் குறை கேட்கத் தொடங்கிவிட்ட
உன் தங்கச்சி,
செல்வி